ஒரு படித் தவிடு

நான் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் மீதி. ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி அப்பாவின் அக்கா, என் அத்தை; என் முகத்தில் விழிப்பதில்லை என்று பதினெட்டு வருஷமாக வைராக்கியமாக இருப்பவள். இந்த இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நான் பிறந்ததை அமெரிக்கா ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாற்பது வயதில், காரைக்குடி வெயிலில், கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு நான் பிறந்தேன் பிறந்தேன் என்று ஒவ்வொரு வாசலாகச் சொல்லித் திரிவதைப் போலக் கேவலமான பிழைப்பு வேறு இல்லை.

சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்கு நேர்காணலுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். என் கணவருக்கு அவருடைய கம்பெனி மூலமாகக் குடியேற்ற விசா. அவருக்குக் கிடைத்தது, எங்கள் ஒன்பது வயது மகளுக்கும் கிடைத்தது. எனக்கு மட்டும் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், பதிவே இல்லை என்று அரசு அலுவலகம் எழுதித் தரும் சான்று வேண்டும். கூடவே, பிறந்தபோது பக்கத்தில் இருந்த இரண்டு பேருடைய பிரமாணப் பத்திரம். ஒரு வருஷத்துக்குள் கொடுக்காவிட்டால் மனு செத்துப்போகும். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரி அவற்றைத் தொடவே இல்லை. இதெல்லாம் நீங்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவைதானே என்று கேட்டாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் இன்னும் எரிந்தது.

அவர்களுடைய விசாவுக்கும் கெடு இருந்தது, மகளுக்குப் பள்ளி திறக்கவும் நாள் நெருங்கியது. அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். நான் காரைக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தினமும் சாயங்காலம், அங்கே அவள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம், போனில் முகத்தைப் பார்ப்பேன். முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் தலை பின்னத் தெரியாத அப்பாவைப் பற்றிப் புகார் சொன்னாள். நாலாம் மாதம் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள், "அம்மா, நீ பொறந்தப்போ யாருமே பாக்கலையா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டுப் போய் ஒரு தம்ளரை உடைத்தேன்.

பதிவு இல்லை என்ற சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை. இருப்பதை எடுத்துக் கொடுக்கவே ஆள் இல்லாத இடத்தில், இல்லாததை இல்லை என்று எழுதித் தர யாருக்கு அக்கறை? கடைசியில் ஒரு கிளார்க் மனமிரங்கிப் பழைய பதிவேட்டை எடுத்தார். ஓரமெல்லாம் உதிரும் தாள். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"இல்லைன்னு சொன்னீக. உங்க அப்பா பேருல ரெண்டு பொறப்பு இருக்கேம்மா. ஒரு ஆணு, ஒரு பொண்ணு."

"அது எனக்கு முன்னாடி பிறந்ததுக சார். ரெண்டும் தங்கல."

அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குப் பேரு எழுதல. அந்தக் கட்டம் காலியாத்தான் கெடக்கு. பேரு சேக்குறதுக்குத் தனியா விண்ணப்பம் இருக்கு. உங்க பேரை அதுல ஏத்திட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு இப்படி அலையுறீக?"

"அது செத்துப்போன பிள்ளை சார்."

"இறப்பு வேற நோட்டும்மா. அதை எவன் போயித் தேடப்போறான்?"

யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரோடு நிற்கிற எனக்கு இல்லாத தாள், எட்டு நாள்கூட இருக்காத அக்காவுக்கு இருந்தது. வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் நேர்மை என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பாஸ்போர்ட்டோடு தேதி ஒத்துப்போகாது, அவ்வளவுதான். கிளார்க் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்பதுபோல் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் இழுத்தடித்து, சான்றைக் கொடுத்தார்.

நான் ஏன் அந்த நோட்டில் இல்லை என்பதை அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சொன்னாள். அரைகுறையாக எனக்குத் தெரிந்த கதைதான். முதல் இரண்டு பிரசவமும் அம்மா பிறந்த வீட்டில். இரண்டு பிள்ளைகளையும் முறையாகப் பதிந்தார்கள், இரண்டும் போயின. மூன்றாவதாக நான் அப்பா வீட்டில் பிறந்தேன். அத்தை தன் சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு பிரசவம் பார்க்க வந்திருந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். மூன்றாம் நாள் அத்தை ஒரு படித் தவிட்டை அளந்து அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இது என் பிள்ளை. நீ பால் குடுத்து வளத்துக் குடு" என்று சொல்லி மடியில் போட்டாளாம். தவிட்டுக்குப் போன பிள்ளை மட்டமான சரக்கு, எமன் சீந்த மாட்டான் என்று கணக்கு.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிறப்பை எழுத ஆள் வந்தபோது அப்பா வாசலிலேயே மறித்து, "எங்க வீட்டுல ஏது பிள்ளை? அது எங்க அக்கா பிள்ளை. ஊருக்குப் போயிரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எழுதிய இரண்டும் தங்கவில்லை, இதை எழுத வேண்டாம் என்ற பயம். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் சரியான தேதியைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் எமன் மறந்திருப்பான் என்று தைரியம் வந்திருக்க வேண்டும். எமனை ஏமாற்றத் தெரிந்த மனிதருக்கு விசா ஆபீசை நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. செத்துப்போன அப்பாவை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன். அம்மா தடுக்கவில்லை.

அத்தைக்கும் எனக்கும் வந்த பகையும் இதே தவிட்டால்தான்.

எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டு, தட்டில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்தாள். முறைதான், உரிமைதான், கூடம் நிறையப் பங்காளிகள். எனக்கு விருப்பமில்லை என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் அக்கா முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் திராணியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளேயிருந்து வந்து எல்லார் முன்னாலும் கேட்டேன்:

"அத்தை, என்னையத் தவிட்டுக்கு வாங்குனேன் வாங்குனேன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவீகளே. அப்ப நான் உங்க மகதான? மகளையே மகனுக்குக் கேட்டு வந்திருக்கீகளே, இது எந்த ஊரு நாயம்?"

கூடமே சிரித்தது. பங்காளிகளில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் என்ன, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். அத்தை சிரிக்கவில்லை. தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அப்பா செத்ததற்கு வந்தாள், அழுதாள், என் பக்கம் திரும்பாமலே போனாள். அவள் மகன் வேறு பெண்ணைக் கட்டி இப்போது திருப்பூரில் நன்றாகத்தான் இருக்கிறான். அந்தச் சிரிப்பு மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

"அவ வாசல்ல போயி நிக்கப் போறியா?" என்றாள் அம்மா. "அதுக்கு நீ அமெரிக்கா போகாமலே கெட."

"என் பிள்ளை அங்க இருக்கும்மா."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அத்தை தனியாக இருக்கிறாள். ஒரு பசுமாடு வைத்திருக்கிறாள். நான் போனபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த அரைமணி நேரமும் அவள் பேசியதெல்லாம் மாட்டிடம்தான்.

"யாரோ வந்துருக்காக பாரு. என்ன வேணுமாம்னு கேளு."

அந்த முதுகைப் பார்த்தே முழுக்கதையையும் சொன்னேன். சென்னை, சீட்டு, பிரமாணப் பத்திரம், மகள், ஒரு வருஷக் கெடு. சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. மாடு தொட்டியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தது.

"அவளுக்குத்தான் வாய் இருக்கே. அந்த வாயாலயே அங்குட்டுப் போயி நான் பொறந்தேன்னு சொல்லச் சொல்லு. கூடமே கேட்டுச் சிரிக்கும்ல."

"அத்தை, தப்புத்தான். அன்னைக்குச் சின்னப்பிள்ளை நான்."

"இருவத்திரண்டு வயசாம், சின்னப்பிள்ளையாம்." மாட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "நான் பாத்தது என் பிள்ளை பொறந்ததை. அது எனக்கு மகதான்னு அவளே ஊரு முன்னாடி சொல்லிட்டா. அப்ப பெத்தவன்னு என் பேரைப் போட்டு எழுதிக்கிறச் சொல்லு. போடுறேன் கையெழுத்து."

"அப்படி எழுத முடியாது அத்தை. அம்மா பேரு எல்லாச் சர்ட்டிபிகேட்லயும் இருக்கு."

"அப்ப நான் வாங்குனது பொய்யா?"

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாங்குனது பொய்யுன்னா, என் தவிட்டைத் திருப்பிக் கொண்டாரச் சொல்லு. கணக்குத் தீந்துரும். அப்பறம் கையெழுத்துப் போடுறேன்."

கோபம் தலைக்கேறிவிட்டது. "தவிடுதான? மூட்டையாவே கொண்டாந்து போடுறேன்."

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

"ஒரு படி," என்றாள். "நான் குடுத்தது ஒரு படி."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"திருப்பிக் குடுக்காத," என்றாள். "வித்தது வித்ததாவே இருக்கட்டும்."

"என்னம்மா பேசுற? தவிட்டைத் திருப்பிக் குடுத்தா நான் செத்துருவேனா?"

"எனக்குத் தெரியாது. முன்னாடி ரெண்டு போச்சு, நீ போகல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். நீ அவ பிள்ளையாவே இருந்துட்டுப் போ. எனக்கு நீ உசுரோட இருந்தாப் போதும்."

கத்தினேன். படித்தவள் கத்துகிற எல்லாவற்றையும் கத்தினேன். மூட நம்பிக்கை, கிறுக்குத்தனம், இதனால்தான் நான் இப்படி அலைகிறேன் என்று. அம்மா எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலையில் வீட்டில் அளக்கிற படியைக் காணோம். அரிசிப் பானையில், பரணில், சாமி ரூமில், எங்கும் இல்லை. ஒளித்து வைத்துவிட்டாள். அவளால் முடிந்தது அதுதான்.

ஒரு படித் தவிடு வாங்குவது இந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. மாட்டுத் தீவனக் கடைக்காரர் மூட்டையைத்தான் காட்டினார். பிரித்துக் கொடுப்பதில்லையாம். ரைஸ் மில்லில், தவிடெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறான் என்றார்கள். எத்தனை மாடும்மா உங்களுக்கு என்று ஒருவர் கேட்டார். மாடு இல்லை, எனக்குத்தான் என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தரையில் சிந்திக் கிடந்ததைக் கூட்டி அள்ளி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பையிலிருந்து தவிட்டு வாசம் வந்துகொண்டே இருந்தது. திருப்பத்தூர் தாண்டியதும் என்னையறியாமல் இடது கை நாடியைத் தொட்டுப் பார்த்தேன். பார்த்ததற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

அத்தை தயாராக இருந்தாள். தன் படியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். தவிட்டைக் கொட்டி, உள்ளங்கையால் மட்டமாகத் தலை தட்டி, ஒரு படி அளந்தாள். பையில் மிஞ்சியதை என் பக்கம் தள்ளினாள். அளந்ததைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டித் தண்ணீரில் கலக்கினாள். மாடு குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நடந்தாள்.

சிங்கம்புணரியில் நோட்டரி வக்கீல் நல்ல மனிதர். சென்னைக்காரர்கள் கொடுத்த மாதிரிப் படிவத்தை வைத்துத் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இருந்தாலும், அவக வாயாலயே ஒருதரம் சொல்லட்டும் என்றார். அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என்ன கிழமை, என்ன தமிழ் மாதம், எத்தனையாம் தேதி. உச்சிப்பொழுது. மருத்துவச்சி வந்து சேருமுன்னே தலை தெரிந்துவிட்டது.

"நான்தான் பிடிச்சேன். அழுகல. கருநீலமாக் கெடந்துச்சு. இதுவும் போச்சுன்னு அவ மயக்கம் போட்டுட்டா. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல ஒண்ணு வச்சேன். அதுக்கும் அழுகல. வாயில வெரலை விட்டுக் கோழையை வழிச்சுப் போட்டேன். இன்னொண்ணு வச்சேன். அப்பறந்தான் அழுதுச்சு."

இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியாது, மயக்கத்தில் கிடந்தவள். தெரிந்த ஒரே ஆளை நான் கூடத்தில் நிற்க வைத்து, எல்லாரும் சிரிக்கும்படி செய்திருக்கிறேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வக்கீல் முந்திக்கொண்டார்.

"உயிரோட பிறந்துச்சு, நீங்க நேருல பாத்தீக. இதுபோதும், சொன்னதை அப்படியே சேத்துக்கிறேன்." சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டு வாசித்துக்கொண்டே வந்தார். "மனுதாரரின் தந்தையுடன் பிறந்த சகோதரி, அதாவது அத்தையாகிய நான்..."

"அத்தைன்னு போடாதீக," என்றாள்.

"என்னம்மா, நீங்க அத்தைதான?"

"குடுத்ததைத் திருப்பி வாங்கியாச்சு. மகளும் இல்ல, மருமகளும் இல்ல."

"ரத்த சம்பந்தம் இல்லைன்னு எழுதுனா அது பொய்ச் சத்தியமாயிரும்மா."

"தெரிஞ்சவன்னு போடுங்க. குடும்பத்துக்குத் தெரிஞ்சவ. அது பொய் இல்லையே?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் நினைத்தால் அந்த இடத்தில் மறுத்திருக்கலாம். உறவு வேண்டும், அத்தை என்றே போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போய்விடுவாளோ என்ற பயம். மகளின் வெட்டிய முடி கண் முன்னால் வந்தது. அவங்க சொல்றபடி போடுங்க சார் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, தாள் கிழியாத குறையாக, கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் ஊருக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுபடியும் சென்னையில் அதே கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். இந்தத் தடவை ஓர் இளைஞன். கொஞ்சம் தமிழ் பேசினான். அம்மாவின் பத்திரத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அத்தையின் பத்திரத்தைக் கையில் எடுத்தான். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தான். நீலமாகக் கிடந்தது, முதுகில் அடித்தது எல்லாமே அதில் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் புருவத்தை உயர்த்தி என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு, கற்றுக்கொண்ட தமிழில் கவனமாகக் கேட்டான்:

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

தொண்டைவரை அந்தச் சொல் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்திரத்தில், வேறு சொல் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தெரிஞ்சவங்க," என்றேன்.

அவன் தலையசைத்துவிட்டு அதைத் தட்டச்சு செய்தான். விசா கிடைத்துவிட்டது.